'கெஸ்டிமேட்' என்பதை ஸ்பானிஷில் எப்படி எழுதுவது?

தங்கச்சிமடம் பக்கம் கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. தடைக்காலம் முடிந்து முதல் இரண்டு வாரத்தில் எவ்வளவு கணவாய் கொடுக்க முடியும் என்று ஸ்பெயினில் இருந்து வாங்குகிறவர் கேட்டிருக்கிறார். மேலாளர் ஒரு எண்ணை எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கெஸ்டிமேட்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார். பதில் ஸ்பானிஷில் போக வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி 'கொன்ஹெதூரா' என்று காட்டுகிறது. "அதையே போட்டுரலாமாண்ணே?"

போடாதீர்கள் தம்பி. கொன்ஹெதூரா என்றால் ஊகம். குற்றவாளி யாராக இருக்கும், அந்தக் கல்வெட்டில் உடைந்துபோன எழுத்து எதுவாக இருக்கும் என்பதற்கெல்லாம் பொருந்தும் சொல். கிலோக் கணக்குக்குப் பக்கத்தில் அது வந்தால், கணக்கே போடாமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். மின்னஞ்சலில் 'காள்குலோ அப்ரோக்ஸிமாதோ' என்று எழுதுங்கள், தோராயக் கணக்கு என்று நேர்ப் பொருள். போனில் பேசும்போது 'ஆ ஓஹோ' என்றால் போதும். ஓஹோ என்றால் கண். கண்மதிப்பாக என்று அர்த்தம். அவசரம் என்றால் இதோடு எழுந்து போய் மின்னஞ்சலை அனுப்பிவிடலாம். நேரம் இருந்தால் மிச்சத்தையும் படியுங்கள். இந்த இடத்தில் ஸ்பானிஷில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தப்பானதை எடுத்தால் பணத்தில் இடிக்கும்.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்ப்போம். ஊகத்துக்கு ஒரு சொல், மதிப்பீட்டுக்கு ஒரு சொல், இரண்டையும் வெட்டி ஒட்டி 1930-களில் அமெரிக்கப் புள்ளியியல்காரர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அது. தரவு போதவில்லை, ஆனாலும் ஒரு எண் சொல்லியாக வேண்டும் என்கிற நிலைமைக்கான சொல். ஸ்பானிஷ்காரர்களும் அதே மாதிரி ஒன்றை ஒட்டவைத்திருக்கிறார்கள்: 'ஓஹீமேத்ரோ'. கண்ணையும் மீட்டரையும் சேர்த்த கிண்டல் சொல், 'கண்மானி' என்று வைத்துக்கொள்ளலாம். சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் 'ஆ ஓஹீமேத்ரோ' என்பார்கள். நண்பர்களுக்குள் நன்றாக இருக்கும். வியாபாரக் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்.

கண்ணை வைத்து இன்னொரு மரபுத்தொடர் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது: 'ஆ ஓஹோ தே புவேன் குபேரோ'. குபேரோ என்றதும் நம்ம குபேரன் நினைவுக்கு வருவார். அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குபேரோ என்றால் பீப்பாய் செய்கிறவர். நல்ல பீப்பாய்க்காரரின் கண்ணால் அளந்தது, அவ்வளவுதான். (பீப்பாய் என்ற சொல்லே போர்த்துக்கீசிய 'பீப்பா'விலிருந்து நமக்கு வந்தது. அலமாரி, ஜன்னல், மேஜை, சாவி எல்லாம் வந்த அதே வழி. ஸ்பானிஷிலும் ஒருவகை மதுப் பீப்பாய்க்கு பீப்பா என்றே பெயர்.)

பீப்பாயைப் போய் ஏன் பிடித்தார்கள் என்றால், அது நடுவில் புடைத்து இரண்டு முனையிலும் சிறுத்து நிற்கும் பண்டம். அதில் எத்தனை படி பிடிக்கும் என்று கணக்கில் கொண்டுவருவது சிரமம். பலகையை வளைத்து வளையம் மாட்டும்போதே இது இவ்வளவு பிடிக்கும் என்று செய்கிறவர் கண்ணிலேயே சொல்லிவிடுவார். மேலும் அந்தக் காலத்து ஸ்பெயினில் அளவுகள் ஊருக்கு ஊர் மாறின. அர்ரோபா என்ற எடை காஸ்தீலியாவில் பதினொன்றரைக் கிலோ, அரகோனில் பன்னிரண்டரைக் கிலோ. மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்ததே 1849-இல்தான். அர்ரோபா இன்னும் சாகவில்லை. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் ஒரு சுழி வருகிறதே, அதற்கு ஸ்பானிஷில் அதுதான் பெயர். போனில் உங்கள் முகவரியைச் சொல்லும்போது தேவைப்படும்.

பீப்பாய் விஷயத்தில் ஒரு பெரிய ஆளே தலையைக் கொடுத்திருக்கிறார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்லர், லின்ஸ் நகரத்தில் இருந்த காலத்தில், 1613-இல் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். வீட்டுக்கு வாங்கிய மதுப் பீப்பாய்களை அளக்க வியாபாரி ஒரு கோலை நடுத்துளை வழியே சாய்வாக விட்டு, எதிர் மூலையைத் தொட்டதும் நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னாராம். பீப்பாய் குட்டையா நெட்டையா என்று பார்க்காமல் ஒரே கோலில் எப்படி விலை வரும் என்று கெப்லருக்கு உறுத்தியது. அந்த உறுத்தல் 1615-இல் ஒரு கணித நூலாக வெளிவந்தது. ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவம், அந்தச் சாய்வு நீளத்துக்கு அதிகக் கொள்ளளவு தரும் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட இருப்பதால், வடிவம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது என்று கண்டுபிடித்தார். வியாபாரியின் கோல் பொய் சொல்லவில்லை.

அதனால்தான் அந்தத் தொடரில் 'நல்ல' என்ற அடைமொழி. பழகின கை, பழகின கண் என்ற மரியாதை அதில் இருக்கிறது. பாம்பனில் கணவாய் இறங்கும்போது பாருங்கள். கம்பெனிக்கு எடுக்கிற ஆள் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்து நாலு விரல் உயரம் தூக்குவார். கணவாய் மை முழங்கை வரை வழிந்திருக்கும். "இருபத்தெட்டு. தண்ணி ரெண்டு போகும்" என்பார். தராசில் ஏற்றினால் அரைக் கிலோ முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். அவர் செய்வது ஆ ஓஹோ தே புவேன் குபேரோ. அவருடைய முன்னப்பின்னவுக்கும் ஸ்பானிஷில் அச்சு அசலாக ஒன்று உண்டு: 'மாஸ் ஓ மேனோஸ்', கூடவோ குறையவோ.

அதே பெட்டியைத் தொடாமலே, குவியலைப் பார்த்து "ஒரு அம்பது பெட்டி தேறும்" என்றால் அது 'ஆ புல்தோ'. எண்ணாமல், நிறுக்காமல், மொத்தமாகப் பார்த்துச் சொல்வது. நம்ம குத்துமதிப்புக்கு இதுதான் கிட்டத்தில் வரும். ஆனால் உங்கள் வேலையில் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சரக்கு ஆவணங்களில் 'புல்தோ' என்றால் சிப்பம். 'நூமெரோ தே புல்தோஸ்' என்ற கட்டத்தில் எத்தனை அட்டைப்பெட்டி என்று துல்லியமாக எழுத வேண்டும். பேச்சில் எண்ணாமல் சொல்வதைக் குறிக்கிற சொல், காகிதத்தில் ஒன்று குறையாமல் எண்ணியதைக் குறிக்கும். குழம்பிவிடாதீர்கள்.

இதற்கும் ஒரு படி கீழே 'அல் துந்தூன்' இருக்கிறது. யோசிக்காமல், குருட்டாம்போக்கில் என்று அர்த்தம். உங்கள் எண்ணைப் பற்றி நீங்களே இப்படிச் சொல்லக்கூடாது. வாங்குகிறவர் சொன்னால் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. 'லா குவேந்தா தே லா வியேஹா' என்றும் சொல்வார்கள், கிழவி கணக்கு. விரல் விட்டு எண்ணிப் போடுகிற கணக்கு. வசவு இல்லை, செல்லமான கேலி. விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அடுத்து 'எஸ்திமாசியோன்'. பார்த்தவுடன் ஆங்கில எஸ்டிமேட் மாதிரியே இருப்பதால் எல்லாரும் இதில்தான் விழுவார்கள். தப்பான சொல் இல்லை. ஆனால் ஏதோ ஒரு முறைப்படி போட்ட கணக்கு என்ற எதிர்பார்ப்பு அதோடு சேர்ந்தே வரும். நம்ம மண்டபத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இந்தியக் கடற்கரை முழுக்க வருஷத்துக்கு இவ்வளவு மீன் இறங்கியது என்று அவர்கள் ஒரு எண் சொல்கிறார்களே, எல்லாப் படகையும் எல்லா நாளும் நிறுத்தா சொல்கிறார்கள்? கடற்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த இறங்குதுறை, எந்த நாள் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அன்றைக்கு வந்த படகுகளில் சிலவற்றின் மீன்பாட்டை மட்டும் பதிந்து, அதிலிருந்து முழுமைக்கும் கணக்கிடுகிறார்கள். பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்கிட முடியும். அதுதான் அசல் எஸ்திமாசியோன். ஸ்பானிஷில் 'எஸ்திமாசியோன் போர் முவேஸ்த்ரேயோ', மாதிரி எடுத்துப் போட்ட மதிப்பீடு. உங்கள் மேலாளர் டீ குடித்துக்கொண்டே எழுதிய எண்ணுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்.

இந்தச் சொல்லின் வினையடி 'எஸ்திமார்' என்பதற்கு மதிப்பிடு என்றும் பொருள், மதி என்றும் பொருள். கடிதத்தின் தொடக்கத்தில் 'எஸ்திமாதோ சென்யோர்' என்று போடுவது இதே சொல்தான். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். நமக்கு அப்படி இல்லை. குத்துமதிப்பில் இருக்கிற மதிப்பும் 'மதிப்பிற்குரிய ஐயா'வில் இருக்கிற மதிப்பும் ஒன்றுதானே.

பணம் போகிற இடம் 'ப்ரேசுபுவேஸ்தோ'. எஸ்டிமேட் என்று அகராதியில் தேடினால் இதுவும் வரும். ஸ்பெயினில் கொத்தனாரிடமோ மெக்கானிக்கிடமோ எஸ்டிமேட் கேட்டால் அவர் எழுதிக் கொடுப்பது ப்ரேசுபுவேஸ்தோ. அதாவது இந்த வேலையை இந்தத் தொகைக்குச் செய்கிறேன் என்ற வாக்கு. நாட்டின் பட்ஜெட்டுக்கும் அதுதான் பெயர். உங்கள் மேலாளரின் எண்ணுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டால், வாங்குகிறவர் அதை விலைப்புள்ளியாகவே எடுத்துக்கொள்வார். மெக்சிகோ, கொலம்பியா பக்கம் விலைப்புள்ளிக்கு 'கோதிசாசியோன்' என்பார்கள். ஸ்பெயினில் அதே சொல்லைக் கேட்டால் பங்குச்சந்தை விலையும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். மாற்றலாம் என்று காட்ட 'ஓரியெந்தாதீவோ', உறுதி என்று காட்ட 'என் ஃபிர்மே', இந்த இரண்டு அடைகளை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லோடும் சேர்த்து உங்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஆக, ஆங்கிலம் ஒரே பையில் போட்டுக் கட்டியதை ஸ்பானிஷ் பிரித்து வைத்திருக்கிறது: கண்ணால் பார்த்ததா, மாதிரி எடுத்துக் கணக்கிட்டதா, கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதா. உங்கள் எண் இதில் எது என்று மேலாளரிடம் முதலில் கேளுங்கள். கேட்டால் அவரே முழிப்பார் என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் இந்தக் கேள்விக்குக் கண்மதிப்பும் முடியாது, மாதிரியும் முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். பார்ப்பதற்கு ஒரு பெட்டி கூட இல்லை. துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவதுதான் வழி. உங்கள் கம்பெனிக்குக் கணவாய் கொடுக்கும் படகுகள் இருபது என்று வையுங்கள். விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் போகும், இரண்டு வாரத்துக்கு ஆறு நாள். தடை முடிந்த புதிதில் ஒரு படகுக்கு ஒரு நாளில் 25-லிருந்து 40 கிலோ என்று வைத்தால், குறைந்தது 3000 கிலோ, கூடினால் 4800. இதில் இருபதும் 25-ம் 40-ம் நான் சும்மா வைத்த எண்கள், உங்கள் பேரேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் ஒரு நாள் போய்விடும் என்பதையும் சேருங்கள்.

இந்த முறையை இயற்பியல்காரர்கள் என்ரிக்கோ ஃபெர்மி என்ற இயற்பியல் விஞ்ஞானியின் பெயரில் சொல்வார்கள், ஸ்பானிஷில் 'எஸ்திமாசியோன் தே ஃபெர்மி'. 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையில், அதிர்வலை வந்துசேரும் நேரத்தில் அவர் காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை இரண்டரை மீட்டர் நகர்ந்து விழுந்ததை வைத்து, பத்தாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்றார். உண்மை அதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு தூரத்தில் நின்று காகிதத்தைப் போட்டுப் பார்த்ததற்கு அது நல்ல விடைதான். கணவாய் வாங்குகிறவர் இரண்டு மடங்கு பிழையை ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால், ஒற்றை எண்ணைச் சொல்லாமல் இரண்டு முனையையும் சொல்லுங்கள்.

வாக்கியத்தை இப்படி அமைக்கலாம். நான் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் அவர்கள் எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: 'நுவேஸ்த்ரோ காள்குலோ அப்ரோக்ஸிமாதோ பாரா லாஸ் தோஸ் ப்ரிமேராஸ் செமானாஸ் த்ராஸ் லா வேதா எஸ் தே எந்த்ரே த்ரேஸ் இ சிங்கோ தோனெலாதாஸ்.' தடைக்காலத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரத்துக்கு எங்கள் தோராயக் கணக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட டன் என்று பொருள். 'வேதா' என்பது மீன்பிடித் தடைக்காலம். அங்கேயும் அது உண்டு, விளக்கவே வேண்டாம். அடுத்த வரியில் 'சிஃப்ரா ஓரியெந்தாதீவா, சுஹேதா ஆ லாஸ் காப்தூராஸ்' என்று சேருங்கள்: உத்தேச எண், மீன்பாட்டைப் பொறுத்தது. மேலாளர் போட்ட கெஸ்டிமேட்டின் வேலை முழுவதையும் இந்த ஒரு வரி செய்துவிடும்.

போனில் வாங்குகிறவர் திருப்பிக் கேட்கும்போது காதில் விழக்கூடியவை சில. 'ஊனோஸ் கினியேந்தோஸ்' என்றால் சுமார் ஐநூறு. 'கினியேந்தோஸ் இ பீகோ' என்றால் ஐநூற்றுச் சொச்சம், பீகோ என்பது பறவையின் அலகு. 'தீராந்தோ போர் லோ பாஹோ' என்றால் குறைத்தே வைத்துச் சொன்னாலும். நாம் ஏழெட்டு என்று ஒட்டிச் சொல்வதை அவர்கள் நடுவில் 'அல்லது' போட்டுத்தான் சொல்வார்கள்: 'சியேத்தே உ ஓச்சோ'. அல்லது என்பதற்கு வழக்கமாக ஓ. ஓச்சோ மாதிரி ஓ ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் மட்டும் நாக்கு இடறாமல் இருக்க உ ஆகிவிடும். 'கின்ஸே தியாஸ்', பதினைந்து நாள், என்றால் காலண்டரில் பதினைந்தை எண்ண வேண்டாம், இரண்டு வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தை அவர்கள் எட்டு நாள் என்று சொல்வதும் உண்டு, நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வது மாதிரியே.

குவிண்டாலில் எண் சொல்லாதீர்கள். நமக்கு அது நூறு கிலோ. பழைய காஸ்தீலியக் கின்தால் 46 கிலோ. இரண்டு சொல்லும் அரபியிலிருந்து பிரிந்து வந்தவை, எடை மட்டும் வேறு.

தோராயம் எல்லாம் மின்னஞ்சலோடு சரி. அட்டைப்பெட்டி லேபிளில் தோராயத்துக்கு இடம் கிடையாது. உறைந்த கணவாய்க்கு மேலே பூசும் பனிப்படலத்தைக் கழித்துவிட்டுத்தான் நிகர எடையைக் குறிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு 1169-ஆம் எண் விதி சொல்கிறது.

கடைசியாக எண்ணை அடிக்கும்போது காற்புள்ளியைக் கவனியுங்கள். ஸ்பெயினில் பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்க வழக்கமாகப் போடுவது புள்ளி. நீங்கள் 4,800 கிலோ என்று அடித்தால், வாங்குகிறவருடைய எக்ஸெல் அதை ஐந்து கிலோவுக்கும் குறைவாகப் படிக்கும். நாலு இலக்க எண்ணுக்கு எதுவுமே போடாமல் 4800 என்று அடியுங்கள். பன்னிரண்டாயிரம் என்றால் 12-க்குப் பிறகு ஒரு இடம் விட்டு மூன்று சுழியம். மெக்சிகோவுக்கு அனுப்பும்போது நம்ம ஊர்ப் பழக்கமே செல்லும். லட்சத்துக்கு நாம் போடும் 1,00,000 மட்டும் எந்த ஊரிலும் செல்லாது.